தண்ணீர் முள் நடுவில்தான் நிற்கிறது, ஆனால் ஆயில்?

ஒரு நண்பரின் ஸ்போர்ட்ஸ் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முதல் தடவை ரேஸ் டிராக்கைச் சுற்றிய நாளில், என் கண் பாதையில் இல்லை. டேஷ்போர்டில் இருந்த இரண்டு எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் வெப்பநிலை, இன்னொன்று எஞ்சின் ஆயில் வெப்பநிலை. டிராக்குக்குள் நுழையும்போது இரண்டும் 90 டிகிரியை ஒட்டி இருந்தன. மூன்றாவது சுற்று முடியும்போது கூலன்ட் 97. ஆயில் 131. ஐந்தாவது சுற்றில் ஆயில் 138ஐத் தொட்டதும் எஞ்சின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்று, ஏறவில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை, எதுவும் உடையவும் இல்லை.

"தண்ணி நடுவுலதானே நிக்குது, அப்புறம் ஏன் இப்படி?" என்று நண்பர் கேட்டார்.

கார் ஓட்டுகிற பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. எஞ்சின் சூடு என்றாலே நமக்கு ரேடியேட்டரும் தண்ணீரும்தான் நினைவுக்கு வரும். ஆயில் என்பது தேய்மானத்தைத் தடுக்க ஊற்றுகிற பொருள், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். உண்மையில் எஞ்சினுக்கு அது இரண்டாவது கூலன்ட். தண்ணீர் போக முடியாத இடங்களுக்கெல்லாம் போவது ஆயில்தான். அதனால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து ஆயிலும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

தண்ணீர் போகாத இடங்கள்

கூலன்ட் ஓடும் பாதை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிலிண்டர்களைச் சுற்றி, சிலிண்டர் ஹெட்டுக்குள்ளே, அப்புறம் ரேடியேட்டர். எல்லாமே அசையாத பாகங்கள். தண்ணீரைத் தள்ளும் பம்பைத் தவிர, அசையும் பாகம் எதையும் தண்ணீர் நேரடியாகத் தொடுவதில்லை.

சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைக்கு மேலே எரியும் வாயுவின் வெப்பநிலை ஒரு கணத்துக்கு 2000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. கடுமையாக ஓட்டும்போது அதன் தலைப்பகுதி 250 டிகிரிக்கும் மேலே போகும். அந்த வெப்பத்தில் ஒரு பகுதி பிஸ்டன் ரிங்குகள் வழியாக சிலிண்டர் சுவருக்குப் போய், அங்கிருந்து கூலன்ட்டுக்குப் போகிறது. மீதியில் பெரும்பங்கை இறக்குவது ஆயில். பல செயல்திறன் எஞ்சின்களில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் கீழே ஒரு சின்னக் குழாய்முனை இருக்கும். அது பிஸ்டனின் அடிப்பக்கத்தில் இடைவிடாமல் ஆயிலைப் பீய்ச்சும். மேலே தீ, கீழே ஆயில் மழை, நடுவில் சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள அலுமினியம். பீய்ச்சப்பட்ட ஆயில் அந்த வெப்பத்தைச் சுமந்துகொண்டு எஞ்சினின் அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டிக்குள் விழும். பம்ப் அதையே எடுத்து மறுபடியும் சுற்றுக்கு அனுப்பும்.

புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ இருந்தால் இன்னொரு அடுப்பும் சேர்ந்துகொள்கிறது. பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது டர்போவுக்குள் நுழையும் புகையின் வெப்பநிலை 900 டிகிரியை எளிதாகத் தாண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டைத் தாங்குவதும் ஆயில் படலம்தான். அந்த வழியாகப் போய்வரும் ஆயில் சம்ப்புக்குத் திரும்பும்போது நல்ல சூட்டில் இருக்கும்.

ஆயில் தானே உண்டாக்கும் வெப்பம்

வெளியிலிருந்து வரும் வெப்பம் பாதிக் கதைதான். ஆயிலுக்குள்ளேயே பிறக்கும் வெப்பம் ஒன்று இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இதுதான் இந்த விஷயத்தின் மையம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். அது தன்னைத் தாங்கும் பேரிங்குகளைத் தொடாமலேயே சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவில் சுமார் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த இடைவெளி முழுக்க ஆயில். சுழலும் தண்டு ஆயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் ஒரு ஆப்பு போலத் திணிக்கிறது. அந்த ஆப்பின் அழுத்தத்தில் தண்டு மிதக்கிறது. உச்ச சுமையில் அந்தப் படலம் ஒரு மைக்ரான் அளவுக்குக்கூட மெலிந்துவிடும்.

இப்போது ஒரு கணக்கு. தண்டின் விட்டம் 55 மில்லிமீட்டர், வேகம் 7000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். தண்டின் பரப்பு விநாடிக்கு 20 மீட்டர் நகரும். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். முடியைவிட மெல்லிய ஆயில் அடுக்கின் ஒரு முகம் பேரிங்கோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. மறுமுகம் தண்டோடு ஒட்டிக்கொண்டு மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நடுவில் இருக்கும் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று உரசி இழுபடுகின்றன. உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்தால் சூடாவது போல, இந்த உராய்விலும் வெப்பம் பிறக்கிறது. பேரிங்குக்குள் நுழையும் ஆயிலைவிட வெளியேறும் ஆயில் எப்போதும் சூடாகத்தான் இருக்கும்.

இந்த வெப்பம் ஆர்பிஎம் கூடும் அளவுக்கு மட்டும் கூடுவதில்லை, அதன் வர்க்கத்தில் கூடுகிறது. நெடுஞ்சாலையில் 2500 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினை 7500க்குக் கொண்டுபோனால் வேகம் மூன்று மடங்கு, ஆனால் உராய்வு வெப்பம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. சூடாகும் ஆயில் இளகுவதால் நடைமுறையில் சற்றுக் குறையும். ஆனாலும் போக்கு இதுதான். ஆயில் சூட்டைத் தீர்மானிப்பது வண்டியின் வேகத்தைவிட எஞ்சினின் வேகம் என்று சொல்வது இதனால்தான்.

சாலையில் வராத பிரச்சினை டிராக்கில் ஏன் வருகிறது

சமதளச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக ஒரு காருக்கு ஏறக்குறைய 20, 25 குதிரைத்திறன் போதும். உங்கள் எஞ்சின் 300 குதிரைத்திறன் கொண்டதாக இருந்தாலும் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட நீங்கள் கேட்பதில்லை. டிராக்கிலோ, ஒவ்வொரு திருப்பத்திலிருந்து வெளியே வரும்போதும் 300ஐயும் கேட்கிறீர்கள். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும். மீதியெல்லாம் வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும், கூலன்ட் வழியாகவும், ஆயில் வழியாகவும் வெளியேற வேண்டும். சக்தி பத்து மடங்கு ஆனால் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் அதே போலப் பெருகும்.

சாலையில் முழு ஆக்சிலேட்டர் என்பது முந்திச் செல்லும்போது ஐந்தாறு விநாடி. அதற்குள் ஆயில் அசைந்துகொடுக்காது. பிரச்சினை தொடர்ச்சியில் இருக்கிறது. ஐந்து லிட்டர் ஆயிலின் எடை நான்கே கால் கிலோவை ஒட்டி வரும். ஆயிலின் வெப்ப ஏற்புத் திறன் தண்ணீரில் ஏறக்குறைய பாதி. அந்த ஐந்து லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 8.5 கிலோஜூல் போதும். வெளியேறும் வெப்பத்தைவிட உள்ளே வரும் வெப்பம் வெறும் 3 கிலோவாட் கூடுதலாக இருந்தால், மூன்று விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். 100இலிருந்து 130க்குப் போக ஒன்றரை நிமிடம். ஒரு சுற்று. நண்பரின் காரில் நாங்கள் பார்த்தது இதுதான்.

இதில் எதிர்பாராத ஒரு விஷயமும் உண்டு. நீண்ட நேர்ப்பாதையில் 200இல் பறப்பதைவிட, நெருக்கமான திருப்பங்களில் இரண்டாவது, மூன்றாவது கியரில் உறுமிக்கொண்டு போவது ஆயிலுக்குக் கொடுமை. நேர்ப்பாதையில் ஆர்பிஎம் உச்சத்தில் இருந்தாலும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குள் காற்று அடித்துக்கொண்டு வரும். நெருக்கமான திருப்பங்களில் ஆர்பிஎம் அதே உச்சம், ஆனால் காற்று பாதிகூட இல்லை. செங்குத்தான மலைப்பாதையில் வேகமாக ஏறுவதும் இதே வகைதான். வெயிலும் சேர்ந்துகொள்ளும். கூலரின் வேலைத்திறன் ஆயிலுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆயில் 120இல் இருக்கும்போது காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 100. காற்று 40 என்றால் வித்தியாசம் 80. அதே கூலர், ஐந்தில் ஒரு பங்கு வேலை குறைந்துவிட்டது.

தண்ணீர் முள் ஏன் அசைவதில்லை

கூலன்ட்டுக்கு ஒரு ராஜாங்கமே காவல் இருக்கிறது. பெரிய ரேடியேட்டர், மின்விசிறி, சூட்டுக்கு ஏற்ப ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், அழுத்தத்தில் அடைக்கப்பட்ட சுற்று. இவை எல்லாம் சேர்ந்து அதைக் குறுகிய வரம்புக்குள் பிடித்து வைக்கின்றன. அதோடு, பல கார்களில் அந்த முள்ளே உண்மையான வெப்பநிலையை அப்படியே காட்டுவதில்லை. கூலன்ட் இருபது முப்பது டிகிரி ஏறி இறங்கினாலும் முள் நடுவில் நிற்கும்படி தயாரிப்பாளர்களே அமைத்திருப்பார்கள். ஓட்டுபவர் தேவையில்லாமல் பதறக்கூடாது என்பதற்காக.

ஆயிலுக்கு அந்தப் பாதுகாப்பு எல்லாம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நிறைய கார்களில் சம்ப்பின் மீது படும் காற்றுதான் அதன் ஒரே குளிர்ச்சி. சற்று நல்ல கார்களில் ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் கைப்பிடி அளவுக்கு ஒரு வெப்பமாற்றி இருக்கும். அதற்குள் மெல்லிய தகடுகளின் ஒரு பக்கம் ஆயிலும் மறுபக்கம் கூலன்ட்டும் ஓடும். இது நல்ல ஏற்பாடு. காலையில் சீக்கிரம் சூடாகும் கூலன்ட் ஆயிலையும் சேர்த்துச் சூடாக்கும், பிறகு ஆயில் சூடாகும்போது அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் கூலன்ட்டின் வெப்பநிலைக்குக் கீழே ஆயிலை இதனால் கொண்டுவர முடியாது. கூலன்ட்டே 105இல் இருந்தால் ஆயில் அதற்கு மேலேதான் இருக்கும். கடுமையான ஓட்டத்துக்கு ஏற்றது காற்றால் குளிரும் தனி ஆயில் கூலர். பம்பருக்குப் பின்னால் பொருத்தப்பட்ட ஒரு குட்டி ரேடியேட்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எது சரியான சூடு, எது அதிகம்

சம்ப்பில் அளக்கும்போது 90 முதல் 110 டிகிரி என்பது ஆயிலுக்கு வசதியான இடம். ஆயில் குளிர்ந்தே இருப்பதும் நல்லதல்ல. எரிதலில் பிறக்கும் நீராவியும் எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலக்கும். அவை ஆவியாகி வெளியேற 100ஐ ஒட்டிய சூடு தேவை. 120 வரை நல்ல சிந்தெடிக் ஆயில் கவலையில்லாமல் தாங்கும். 130ஐ நெருங்கினால் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன். 140 என்றால் ஓட்டத்தை நிறுத்தி ஆறவிட வேண்டும். உங்கள் எஞ்சினின் கையேடு வேறு எல்லை சொன்னால் அதுவே சரி. இவை எல்லாம் சம்ப்பின் அளவுகள் என்பதை மறக்கக்கூடாது. பேரிங்குக்குள்ளும் பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையிலும் இருக்கும் ஆயில் அதைவிடச் சூடு.

சரி, சூடானால் என்னதான் ஆகும்?

முதலில், இளகும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக நகர்வதும், அடுப்பில் காய்ந்ததும் தண்ணீர் போல ஓடுவதும் எல்லோரும் பார்த்ததுதான். இந்தக் கெட்டித்தன்மையைத்தான் பாகுத்தன்மை என்கிறோம். ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-40 என்று போட்டிருப்பது இதைத்தான். முன்னால் உள்ள 5டபிள்யூ, குளிரில் அது எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதன் குறியீடு. 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. பின்னால் உள்ள 40, சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇயின் அளவுகோலின்படி 40 ரக ஆயிலின் பாகுத்தன்மை 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பாகுத்தன்மையின் அலகு) இருக்க வேண்டும். 30 ரகம் என்றால் 9.3 முதல் 12.5. 20 ரகம் என்றால் 6.9 முதல் 9.3. இந்த ஆயில் குளிரில் 5 போலவும் சூட்டில் 40 போலவும் இருக்கும், அதாவது சூடானால் கெட்டியாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். எந்த ஆயிலும் சூட்டில் கெட்டியாவதில்லை. எல்லாமே இளகும். சில ஆயில்கள் குறைவாக இளகும், அவ்வளவுதான்.

100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும் 40 ரக ஆயில், 130 டிகிரியில் ஏறக்குறைய 8க்கு வந்துவிடும். அதாவது நீங்கள் ஊற்றியது 40, ஆனால் 130இல் எஞ்சினுக்குக் கிடைப்பது 100 டிகிரியில் ஒரு 20 ரக ஆயில் கொடுக்கும் கனம். முப்பது டிகிரிக்குள் இரண்டு படி இறங்கிவிட்டோம். பாதுகாப்புக்கு என்று வைத்திருந்த மிச்சம் கரைந்துபோவது இப்படித்தான்.

ஆயில்களை 150 டிகிரியில், கடுமையான உராய்வுக்கு நடுவிலும் சோதிப்பார்கள். அந்தச் சோதனையில் 5டபிள்யூ-40க்குக் குறைந்தபட்சம் 3.5, 30 ரகத்துக்கு 2.9, 20 ரகத்துக்கு 2.6 மில்லிபாஸ்கல் விநாடி (இதுவும் பாகுத்தன்மையின் ஓர் அலகுதான்) இருக்க வேண்டும். சம்ப் 150க்கு வராதபோது 150இல் எதற்குச் சோதனை? பேரிங்குக்குள் நிஜமாக நடப்பது அதுதான் என்பதால். டிராக்குக்குப் போகிறவர்கள் ஆயில் வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தைவிட இந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது பயன் தரும்.

இரண்டாவது, கெட்டுப்போகும். ஆயில் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம், தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகும். 100ஐவிட 130இல் எட்டு மடங்கு, 140இல் பதினாறு மடங்கு. சாலையில் ஆண்டு முழுக்க ஓடினாலும் தாங்குகிற ஆயில் சில டிராக் நாட்களிலேயே முதுமை அடைந்துவிடுவது இதனால்தான். அமிலங்கள் உருவாகும், கசடு சேரும். இப்படி அடிக்கடி சூடேறிய எஞ்சினின் ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பளபளவென்று இருக்க வேண்டிய அலுமினியத்தின் மேல் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் பூசியது போல ஒரு படலம் தெரியும். விரலால் தேய்த்தால் வராது.

மூன்றாவது, ஆவியாகும். ஆயிலின் லேசான பகுதிகள் சூட்டில் பறந்துவிடும். நோவாக் என்ற சோதனையில் ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பார்கள். அமெரிக்கப் பெட்ரோலியத் துறை அமைப்பான ஏபிஐயின் இன்றைய பெட்ரோல் எஞ்சின் தரங்களில் 15 சதவீதம்தான் உச்சவரம்பு. கசிவே இல்லாத எஞ்சினிலும் டிராக் நாளுக்குப் பிறகு ஆயில் அளவு இறங்கியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

கையில் ஒரு பேரிங்

படலம் மெலிந்தால் என்ன ஆகும் என்பதை வார்த்தையில் சொல்வதைவிட, ஒரு பழைய பேரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தால் புரிந்துவிடும். எஞ்சின் பிரித்து வேலை செய்யும் ஒருவர் ஒருமுறை என் உள்ளங்கையில் இரண்டு ஓடுகளை வைத்தார். ஒவ்வொன்றும் அரைவட்டமாக வளைத்த ஒரு தகடு, விரலில் பாதி அகலம். ஒன்று நன்றாக வாழ்ந்தது. மங்கிய சாம்பல் நிறம், எங்கும் ஒரே சீர், நகத்தால் வருடினால் எதுவும் தட்டுப்படவில்லை. இன்னொன்றின் நடுவில் நீளமாக ஒரு செம்பு நிறத் திட்டு. மேல்பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கும் செம்புக் கலவை வெளியே தெரிகிறது. அதன் மேல் சுழலும் திசையில் மெல்லிய கோடுகள். அந்தத் திட்டில் தண்டும் பேரிங் ஓடும் ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன. முதலில் சில நொடிகள் தொட்டிருக்கும். தொட்ட இடம் சூடாகி, அங்கே ஆயில் இன்னும் இளகி, மறுபடி தொட்டிருக்கும்.

இதை முன்கூட்டியே காட்டுவது ஆயில் அழுத்தம். இளகிய ஆயில் இடைவெளிகள் வழியாகச் சுலபமாக வழிந்துவிடுவதால் அழுத்தம் இறங்கும். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அலகு) இருக்க வேண்டும் என்பது பழைய எஞ்சின் ஆட்களின் கைக்கணக்கு. இப்போதைய எஞ்சின்கள் பலவற்றில் ஆயில் பம்பே தேவைக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது என்பதால் இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக்கூடாது. ஆனால் அதே ஆர்பிஎம்மில் காலையில் இருந்த அழுத்தமும் மாலையில் இருந்த அழுத்தமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்ப்பது எந்தக் காரிலும் உதவும். டேஷ்போர்டில் எரியும் அந்தச் சிவப்பு ஆயில் விளக்கை மட்டும் நம்பவே கூடாது. பெரும்பாலான கார்களில் அழுத்தம் அரை பார், அதாவது சுமார் 7 பிஎஸ்ஐ அளவுக்கு விழுந்த பிறகுதான் அது எரியும். 6000 ஆர்பிஎம்மில் அது எரிந்தால், எச்சரிக்கைக் கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பேரிங்குக்குள் படலத்தை உருவாக்குவது தண்டின் வேகமும் ஆயிலின் கனமும் சேர்ந்துதான். ஆயில் ஏற்கெனவே சூடாகி இளகியிருக்கும்போது, ஐந்தாவது கியரில் 1500 ஆர்பிஎம்மில் வைத்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் இரண்டுமே குறைவு, சுமை மட்டும் உச்சம். ஆறவைக்கிறேன் என்று உயர்ந்த கியருக்குப் போகிறவர்கள் காலையும் லேசாக வைத்திருக்க வேண்டும்.

தயாரிப்பாளர்கள் என்ன செய்கிறார்கள்

1963இல் அறிமுகமாகி 1998 வரை காற்றால் குளிர்ந்த எஞ்சினோடு வந்த போர்ஷே 911 இதற்கு நல்ல பாடம். அதில் தண்ணீர் ரேடியேட்டரே கிடையாது. விசிறி அடிக்கும் காற்றும் ஆயிலும்தான் குளிர்ச்சி. அதனால் பெரிய தனி ஆயில் தொட்டி, சக்தி கூடக் கூட முன்பக்கத்தில் கூடுதல் ஆயில் கூலர் என்று அந்தக் காரின் வடிவமைப்பில் ஆயிலுக்கு முதல் மரியாதை.

தனித் தொட்டி வைக்கும் இந்த முறைக்கு டிரை சம்ப் என்று பெயர். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்காமல் உடனுக்குடன் உறிஞ்சப்பட்டுத் தொட்டிக்குப் போகும். கூடுதல் ஆயில் என்பதால் சூடாக நேரமாகும். தொட்டியில் சுழலும்போது ஆயிலில் கலந்த காற்றுக் குமிழிகள் பிரியும். திருப்பத்தில் ஆயில் ஒருபக்கமாக ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சுகிற ஆபத்தும் பெருமளவு குறையும்.

2005இல் வந்த, 1001 குதிரைத்திறன் கொண்ட புகாட்டி வேரோனில் பத்து ரேடியேட்டர்கள். அவற்றில் எஞ்சின் ஆயிலுக்கு ஒன்று, கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஒன்று, சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் ஆயிலுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. மறுபக்கம், 2009 மாடலாக வந்த நிசான் 370இசட், டிராக்கில் ஆயில் சூடாகி எஞ்சின் பாதுகாப்பு நிலைக்குப் போவதற்காக அதிகம் பேசப்பட்ட கார். பிந்தைய மாடல்களில் ஆயில் கூலர் சேர்க்கப்பட்டது. சக்தியைக் குறைத்துக்கொள்ளும் அந்தப் பாதுகாப்பு நிலை எரிச்சல் தரும்தான். ஆனால் அது இல்லாவிட்டால் பேரிங்கில் செம்பு தெரிந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது, 2000 வாக்கில் வந்த பிஎம்டபிள்யூ எம்3, எம்5 கார்களின் ஆர்பிஎம் மீட்டர். அதன் விளிம்பில் சின்ன மஞ்சள் விளக்குகளின் வரிசை. ஆயில் குளிர்ந்திருக்கும்போது கீழே இருந்தே எரியும், இதற்கு மேல் போகாதே என்று. ஆயில் சூடாகச் சூடாக விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, எஞ்சின் முழு எல்லைக்கும் தயார் என்று காட்டும். ஆயிலின் நிலையை ஓட்டுபவரின் கண் எப்போதும் போகும் இடத்திலேயே காட்டிய அந்த யோசனை எல்லாக் காரிலும் வந்திருக்க வேண்டும்.

நம் கையில் இருப்பவை

ஆயில் வெப்பநிலை தெரியாமல் டிராக்குக்குப் போகாதீர்கள். பல கார்களில் அது ஏதோ ஒரு மெனுவுக்குள் ஒளிந்திருக்கும், தேடி எடுத்துத் திரையில் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் தனி மீட்டர் பொருத்தலாம்.

கியரைச் சற்று முன்னதாக மாற்றுவது செலவே இல்லாத மருந்து. 7500க்குப் பதில் 6500இல் மாற்றினால், வர்க்கக் கணக்குப்படி உச்சத்தில் பிறக்கும் உராய்வு வெப்பம் கால்வாசி குறையும். சுற்று நேரத்தில் இழப்பது அவ்வளவு இருக்காது. இரண்டு சுற்று வேகமாக, ஒரு சுற்று நிதானமாக என்று ஓட்டினால் ஆயிலுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். முன்னால் போகும் காரின் வாலை ஒட்டியே போகாமல் கொஞ்சம் விலகினால் கூலருக்கு நல்ல காற்று கிடைக்கும்.

ஆயில் அளவு மேல் கோட்டை ஒட்டி இருக்கட்டும், ஆனால் அதைத் தாண்ட வேண்டாம். அதிகமானால் கிராங்க் ஷாஃப்ட் அதில் அடித்து நுரையாக்கிவிடும், நுரை எதையும் தாங்காது. கூலரின் இடுக்குகளில் பூச்சிகளும் டயர்த் துகள்களும் அடைத்திருந்தால் பல் துலக்கும் பிரஷ் போன்ற மென்மையான எதையாவது வைத்துச் சுத்தம் செய்யுங்கள். தகடுகள் சுலபமாக மடங்கும்.

கெட்டியான ஆயிலுக்குத் தாவிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. பிஎம்டபிள்யூ அந்தக் காலத்து எம் எஞ்சின்கள் சிலவற்றுக்கு 10டபிள்யூ-60 பரிந்துரைத்தது உண்மை. அந்த எஞ்சின்கள் அதற்கு ஏற்றவை. கெட்டி ஆயில் உராய்வில் தானே கூடுதல் வெப்பத்தை உண்டாக்கும், குளிரில் மெதுவாக ஓடும். கையேடு அனுமதிக்கும் ரகங்களில் டிராக்குக்காகக் கனமானதைத் தேர்ந்தெடுப்பது நியாயம். அதைத் தாண்டிப் போவதைவிட நல்ல கூலர் ஒன்று வாங்குவது சரியான வழி. கூலர் வாங்கும்போது தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பாருங்கள். இல்லாவிட்டால் சாதாரண நாட்களில் ஆயில் 70ஐத் தாண்டாமல் கிடந்து, நீர் வெளியேறாத பிரச்சினை வரும்.

கடைசிச் சுற்றை ஆறவைக்கும் சுற்றாகவே ஓட்ட வேண்டும். டர்போ காரில் இது கட்டாயம். கொதிக்கும் நிலையில் எஞ்சினை அணைத்தால் பம்ப் நின்றுவிடும், டர்போவுக்குள் இருக்கும் ஆயில் அங்கேயே நின்று கரியாகும். இப்போதைய கார்கள் பலவற்றில் அணைத்த பிறகும் கூலன்ட்டைச் சுற்றவிடும் மின்பம்ப் இருக்கிறது. இருந்தாலும் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்லது.

அடுத்த முறை அதே டிராக்குக்குப் போனபோது நண்பர் இப்படித்தான் ஓட்டினார். திரையில் ஆயில் எண் மட்டும், 6500இல் கியர் மாற்றம், இரண்டு வேகச் சுற்றுக்கு ஒரு நிதானச் சுற்று. 126ஐத் தாண்டவில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்தோம். காலையில் மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த ஆயில் நடுவுக்குக் கொஞ்சம் மேலே இறங்கியிருந்தது. காலையில் தேன் நிறத்தில் இருந்தது இப்போது தேநீர் நிறம். கால் லிட்டர் ஊற்றிவிட்டு, மூடியைத் திருகினோம்.